ஜெர்மனியில் படிக்கப் போறீங்களா? ஓசூர் மாணவர்கள் கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என ஆலைகள் சூழ்ந்த ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் இன்ஜினியரிங் முடித்தவர்களுக்கு ஜெர்மனி மேல்படிப்பு பெரிய கனவு. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதும் ஒரு காரணம். ஏபிஎஸ் சான்றிதழ், பிளாக்டு அக்கவுண்ட், விசா என மாதக்கணக்கில் அலைபவர்கள், அந்த ஊர் பழக்கவழக்கத்தை மட்டும் ‘போய்ப் பார்த்துக்கலாம்’ என விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வகுப்பறையில் என்ன வித்தியாசம்?

பல பாடங்களில் அட்டெண்டன்ஸ் கிடையாது, இன்டர்னல் மார்க்கும் கிடையாது. கடைசித் தேர்வுதான் எல்லாம். அதற்கும் கெடுவுக்குள் நீங்களே பதிவு செய்ய வேண்டும், யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

மதிப்பெண்ணும் தலைகீழ். 1.0 என்றால் முதல் தரம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில். இங்கே போல அரியரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத முடியாது. பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மொத்தம் 3 வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தவறினால் படிப்பிலிருந்தே நீக்கப்படலாம். மாணவர் விசாவும் அந்தப் படிப்பை நம்பித்தான் இருக்கிறது.

அதனால் புரியாததைக் கேட்காமல் இருப்பது மரியாதை அல்ல, ஆபத்து. பேராசிரியரிடம் கேள்வி கேட்பதையும், மறுத்துப் பேசுவதையும் அங்கே இயல்பாகவே எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் உங்கள் தவறை முகத்துக்கு நேராகச் சொன்னால் அது அவமானப்படுத்துவதும் அல்ல.

தினசரி வாழ்க்கையில்?

* பொதுவாக இரவு 10 முதல் காலை 6 மணி வரை சத்தம் கூடாது.
* ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே மளிகை வாங்கிடணும்.
* குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும்.
* வங்கி, இன்சூரன்ஸ், அரசு அலுவலகக் கடிதங்கள் தபாலில் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும்.
* ‘ஸீ’ என்பது நம்ம ‘நீங்க’, ‘டூ’ என்பது ‘நீ’. புதியவர்களிடம் ‘ஸீ’தான்.
* நம்ம ஊர் தலையாட்டல் அவர்களைக் குழப்பும். ஆமாம், இல்லை என வாயால் சொல்லிவிடுங்கள்.

கல்ச்சர் ஷாக் என்றால் என்ன?

இதை விளக்கி மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-ல் எழுதிய கட்டுரை பிரபலம். முதலில் எல்லாமே புதுமையாக, அழகாகத் தெரியும். அடுத்து எரிச்சலும் ஊர் ஏக்கமும் வரும். பிறகுதான் மெல்லப் பழகும். அக்டோபரில் வகுப்பு தொடங்கினால், ஏக்கம் வரும் நேரத்தில் குளிர்காலமும் வந்துவிடும். டிசம்பரில் மாலை 4 மணி வாக்கிலேயே இருட்டிவிடும். இது உங்கள் பலவீனம் அல்ல, பலருக்கும் வருவதுதான்.

இங்கிருந்தே என்ன செய்யலாம்?

படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் கடை, வீடு, பார்ட்-டைம் வேலைக்கு ஜெர்மன் வேண்டும். சுமார் 40 கி.மீ தொலைவில் உள்ள பெங்களூருவிலும், சென்னையிலும் கோத்தே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. சேரப்போகும் படிப்பின் தேர்வு விதிமுறையை விமானம் ஏறும் முன்பே படித்துவிடுங்கள். சமையல், துணி துவைப்பது பழகுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். அங்கே அவசர உதவிக்கு 112.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. கடன் வாங்கி அனுப்பிய வீட்டில், ஃபெயில் ஆனதைச் சொல்லப் பிள்ளைகள் பயப்படுவார்கள். ‘எதுவானாலும் முதல்ல எங்ககிட்ட சொல்லு’ என்று கிளம்பும் முன்பே சொல்லி அனுப்புங்கள்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் கேட்கும் ஊர் ஓசூர். வேறு மொழிக்காரரோடு பழகுவது இந்தப் பிள்ளைகளுக்குப் புதுசு இல்லை. அந்தப் பழக்கம் அங்கேயும் கைகொடுக்கும்.