ஓராண்டுச் சான்றும் அதன் எல்லையும்: வணிக வாகனத் தகுதி ஆய்வின் வரலாறு திருமழிசையை முன்வைத்து

திருமழிசையாழ்வாரின் அவதாரத் தலமாகச் சமய வரலாற்றில் அறியப்பட்ட திருமழிசை, இன்று சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்பேட்டை ஊர். கோயம்பேட்டில் கொரோனாத் தொற்று பரவியதைத் தொடர்ந்து, 2020 மே மாதம் காய்கறி மொத்தச் சந்தை தற்காலிகமாக இங்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதிவரை நகரின் காய்கறித் தேவையைச் சுமந்த லாரிகள் இங்குதான் வந்து நின்றன. அந்த மாதங்களில் வாகனத் தகுதிச் சான்று பற்றிய விதி ஏறத்தாழ உறங்கிக் கிடந்தது. 2020 பிப்ரவரி 1க்குப் பின் காலாவதியாகி, ஊரடங்கால் புதுப்பிக்க இயலாத சான்றுகளைச் செல்லுபடியானவையாகக் கொள்ளுமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மார்ச் 30 அன்று அறிவுறுத்தியது. முதலில் ஜூன் 30 வரை எனப்பட்ட இச்சலுகை பலமுறை நீட்டிக்கப்பெற்று 2021இல்தான் முடிந்தது. இருபது மாதங்கள் ஆய்வாளர் கண்ணில் படாமலேயே ஒரு லாரி சட்டப்படி ஓடியிருக்கக்கூடும்.

இச்சலுகை தவிர்க்க இயலாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஓராண்டு என்னும் கால எல்லை எதை உறுதி செய்கிறது என்ற பழைய வினாவை அது மீண்டும் எழுப்பியது.

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே போக்குவரத்து வாகனங்களுக்குத் தகுதிச் சான்று கட்டாயமாக இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அதனைத் தொடர்ந்தது. 1989ஆம் ஆண்டு மத்திய விதிகளின் 62ஆம் விதி புதிய வாகனத்திற்கு ஈராண்டும், அதன்பின் ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஓராண்டும் வரையறுத்தது. ஓட்டுநர்கள் ‘எஃப்.சி.’ என்றே வழங்கும் இச்சான்றுக்கு முன் பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங் ஆகியன சீராக்கப்படும். வண்டிக்குப் புதுவண்ணமும் பூசப்படும். புதுவண்ணம் துருவை மறைக்கவும் வல்லது. சான்று வழங்கிய பின்னரும் வாகனம் தகுதியிழந்தால் காரணத்தை எழுத்தில் பதிந்து அதனை ரத்து செய்யும் அதிகாரத்தை அதே 56ஆம் பிரிவு அளிக்கிறது. சான்று ஒருநாள் நிலையை மட்டுமே காட்டும் என்பதைச் சட்டமே உணர்ந்திருந்தது எனலாம்.

2012 ஜூலை 25 அன்று தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் உயிரிழந்தார். அப்பேருந்து அண்மையில்தான் தகுதிச் சான்று பெற்றிருந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அவ்வாண்டே பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தமிழ்நாடு சிறப்பு விதிகளை வகுத்தது. இங்கு தவறியது கால இடைவெளியன்று, பார்வை. எனவே ஆய்வின் எண்ணிக்கையை மட்டும் பெருக்குவது போதிய மறுமொழியாகாது.

பிற்காலத் திருத்தங்கள் இருவேறு திசைகளில் சென்றன. 2018 நவம்பர் திருத்தம் எட்டு ஆண்டுக்குட்பட்ட வாகனங்களுக்குப் புதுப்பித்தலை ஈராண்டாகத் தளர்த்தி, அதற்கு மேற்பட்டவற்றுக்கே ஓராண்டைத் தக்கவைத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமோ, அறிவிக்கப்படும் நாளுக்குப் பின் தானியங்கிச் சோதனை நிலையத்தில் சோதிக்கப்படாத வாகனத்திற்குச் சான்றில்லை என்றது. கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 என முதலில் குறிக்கப்பட்ட நாள் பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. பிரேக் விசையை இயந்திரம் துல்லியமாக அளக்கும். ஆனால் முடிச்சூர்ப் பேருந்தின் தளத்தைப் போன்ற குறைகளைக் காணக் குனிந்து பார்க்கும் ஆய்வாளர் தானியங்கி நிலையத்திலும் தேவைப்படுகிறார்.