பாரம் இழுக்கும் மின்சாரம்: ஒரு நூற்றாண்டுப் பாடம்



மின்சார வாகனம் என்பது இக்காலத்துப் புதுமை என்றே நம் மாணவர்கள் பலரும் எண்ணுகின்றனர். வரலாறோ வேறு செய்தியைச் சொல்கிறது. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தயாரிக்கப்பட்ட 4,192 வாகனங்களுள் 1,681 நீராவியால் ஓடியவை. 1,575 மின்சாரத்தால் ஓடியவை. பெட்ரோல் வாகனங்கள் 936 மட்டுமே.

பிறகு மின்சாரம் ஏன் பின்தங்கியது? இழுக்கும் வலிமையில் அதற்குக் குறைவில்லை. மின்பொறி நின்ற நிலையிலிருந்தே முழு விசையுடன் இழுக்க வல்லது. இடர்ப்பாடு மின்கலத்தில் இருந்தது. அன்றைய ஈய அமிலக் கலம் மிகக் கனமானது. அதில் அடங்கும் ஆற்றலோ குறைவு. தூரத்தைக் கூட்டக் கலத்தைக் கூட்டினால் பாரமும் கூடிற்று. எனவே, மின்சார லாரிகள் பெரும்பாலும் நகருக்குள்ளேயே சரக்குச் சுமந்தன.

இதற்கு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர மின்சார நிறுவனம் ஒரு வழி கண்டது. 1912 முதல் அது லாரிகளுக்கு மின்கலம் மாற்றித் தரும் சேவையை நடத்தியது. உரிமையாளர் கலமில்லாத லாரியை வாங்குவார். மின்னேற்றிய கலத்தை நிறுவனம் பொருத்தித் தரும். மாதக் கட்டணமும் ஓடிய மைலுக்கேற்ற கட்டணமும் வசூலிக்கப்பட்டன. 1924 வரை நீடித்த இச்சேவையில் வாகனங்கள் 60 இலட்சம் மைலுக்கு மேல் ஓடின.

ஆயினும் காலம் மாறிற்று. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி, பெட்ரோல் வாகனத்தின் விலையைக் குறைத்தது. 1912இல் வந்த மின்தொடக்கி, கைப்பிடி சுழற்றும் தொல்லையைப் போக்கியது. நகரங்களை இணைக்கும் நல்ல சாலைகள் பெருகின. நெடுவழியில் பெட்ரோல் எளிதில் கிடைத்தது, மின்னேற்றம் கிடைக்கவில்லை.

அதே வினா இன்று மீண்டும் எழுந்துள்ளது. 2022இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், தக்க வசதிகளுடன் ஏறத்தாழ 4,500 கிலோ வரை இழுக்க வல்லது. பெரிய மின்கலத்துடன் அது ஒருமுறை மின்னேற்றி ஓடும் தூரம் சுமார் 515 கிலோமீட்டர். பெரிய டிரெய்லரைப் பூட்டினாலோ அத்தூரம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்குகிறது. கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குள்ள தொலைவைக்கூட ஒரே மூச்சில் கடக்க இயலாது. எடையினும் காற்றின் தடையே நெடுஞ்சாலையில் பெரும்பகை; வேகம் இருமடங்கானால் அத்தடை நான்கு மடங்காகும். மின்னேற்றும் நிலையங்கள் பலவும் சிறுவண்டிகளுக்கென அமைந்தவை. அங்கே டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டே மின்னேற்ற வேண்டியுள்ளது.

லித்தியம் கலம் பழைய ஈயக் கலத்தினும் பன்மடங்கு ஆற்றலைத் தாங்குகிறது. எனினும் வழியில் ஆற்றல் பெறும் ஏற்பாடு இன்றியமையாததாகவே உள்ளது. சீனாவில் கனரக மின்சார லாரிகளுக்குக் கலம் மாற்றும் நிலையங்கள் இயங்குகின்றன. ஹார்ட்ஃபோர்டின் எண்ணம் நூறாண்டு கடந்து அங்கே உயிர்பெற்றுள்ளது.

கண்டுபிடித்தவர் பெயரையும் ஆண்டையும் மட்டுமே நாம் மனனம் செய்விக்கிறோம். நல்லதொரு கருவி ஏன் தோற்றது என்று கேட்கப் பழக்குவதில்லை. கருவி சிறந்ததாயினும், அதைத் தாங்கும் சாலையும் நிலையமும் விலையும் அமையாவிடில் அது நிலைக்காது. இதனை உணர்ந்த மாணவன், அறிவியலையும் வரலாற்றையும் ஒருசேரக் கற்றவனாவான். அவ்வினாவை நம் வகுப்பறைகளில் எழுப்புவோமாக.