நடிகரின் சொல்லும் கேட்கும் அவையும்: கல்வி வாய்ப்பு குறித்த இரு வாதங்கள்

நடிகர் ஒருவர் கல்விக் கொள்கை பற்றிப் பேசினால், முதல் எதிர்ப்பு அவருடைய கருத்தின்மேல் எழுவதில்லை. பேசும் தகுதியின்மேல் எழுகிறது. 2019 ஜூலையில், கஸ்தூரிரங்கன் குழு அளித்த தேசியக் கல்விக் கொள்கை வரைவைச் சூர்யா விமர்சித்தபோதும் அதுவே நடந்தது. வரைவின் குறைநிறைகளை முந்திக்கொண்டு, ‘இவருக்கு என்ன தெரியும்?’ என்ற கேள்வி வந்து நின்றது.

இந்தத் தகுதிச் சிக்கல் அமெரிக்க நடிகர் டாம் ஹாங்க்ஸுக்கு எழவில்லை. இரண்டாண்டு சமுதாயக் கல்லூரிப் படிப்பைக் கட்டணமின்றி வழங்க 2015 ஜனவரியில் அதிபர் ஒபாமா முன்மொழிந்தார். பத்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி டாலர் செலவு. சில நாள்களிலேயே அதை ஆதரித்து ஹாங்க்ஸ் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். நுழைவுத் தேர்வில் மோசமான மதிப்பெண் பெற்ற அவரை 1974-இல் சேர்த்துக்கொண்டது, கலிஃபோர்னியாவின் ஹேவர்டில் உள்ள ஷபோ கல்லூரி. செலவுக் கணக்கை அவர் நீட்டி வாதாடவில்லை, வகுப்பறையைக் காட்டுகிறார். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள், மீண்டும் படிக்க வந்த பெண்கள், நல்ல வேலை தேடும் நடுத்தர வயதினர் அங்கே உடன் அமர்ந்திருக்கிறார்கள். வென்ற ஒருவரை வைத்துத் திட்டத்தை அளக்க முடியாது என்ற மறுப்புக்கு இந்த உடன்மாணவர்களே பதில். கட்டுரையின் மிகத் திறமையான பகுதி இது.

சூர்யாவுக்கு இந்த வழி அடைபட்டிருந்தது. நடிகர் சிவகுமாரின் மகன். சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர். ‘நானும் அப்படித்தான் வந்தேன்’ என்று அவரால் சொல்ல இயலாது. அவருடைய தகுதி, 2006-இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை வழியே வந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரியாகும் அரசுப் பள்ளி மாணவர்களை அருகிருந்து பார்த்த சாட்சியாகவே பேசினார். பயன்பெற்றவரின் பேச்சில் நன்றி மேலோங்கும். சாட்சியின் பேச்சில் கேள்வி மேலோங்கும். சிறு பள்ளிகளை மூடினால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள், எல்லாப் படிப்புக்கும் நுழைவுத் தேர்வு வந்தால் பயிற்சி மையங்கள்தானே பெருகும் என்று அவர் பேச்சு கேள்விகளாகவே அமைந்தது.

சாட்சி, தான் கண்டதைத் தாண்டும்போது வாதம் சறுக்கும். மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் குறித்துச் சூர்யா 2020 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில், கொரோனா அச்சத்தால் காணொலியில் வழக்கு விசாரிக்கும் நீதிமன்றம் மாணவர்களை நேரில் தேர்வெழுதச் சொல்வதாக ஒரு வரி இடம்பெற்றது. உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அவமதிப்பு நடவடிக்கை கோரித் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கவில்லை. ஆனால் அறிக்கை பேசிய மாணவர் துயரைவிட அந்த ஒரு வரியே விவாதப் பொருளாயிற்று.

கேட்கும் அவையை அறிந்து பேச வேண்டும் என்பதற்குக் குறளில் ‘அவை அறிதல்’ என்று தனி அதிகாரமே உண்டு. சூர்யாவின் வாதம், நுழைவுத் தேர்வு ஏழைக்குத் தடை என்ற நம்பிக்கையைச் சொல்லாமலே அடித்தளமாகக் கொள்கிறது. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வைச் சட்டமியற்றி நீக்கிய தமிழ்நாட்டில் அதற்குத் தனிச் சான்று தேவைப்படவில்லை. இதே வாதத்தைத் தமிழர் மிகுந்த பெங்களூரு ஆஸ்டின் டவுனில் வைத்தால், மொழி ஒன்றுதான், அவை வேறு. கர்நாடகத்தில் 1990-களிலிருந்து பொறியியல் போன்ற படிப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி.தான், நன்கொடை கொடுக்க முடியாத குடும்பத்துக்கு அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைக்கும் வழி. தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணத்தை விசாரித்துவிட்டு வந்த பெற்றோருக்குத் தேர்வு தடையாகத் தோன்றாது. அங்கே இதே வாதம் எடுபட, தேர்வை விட்டுவிட்டு, அதற்குத் தயாராக ஆகும் பயிற்சிக் கட்டணத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.