பொய்க்கூரையில் விளக்குத் துளையிடல்

பொய்க்கூரையில் விளக்குத் துளையிடல் என்பது, கட்டடக் கூரைக்குக் கீழே தொங்கவிடப்படும் சாந்துக் கூரையில் உட்பதி விளக்குகளைப் பொருத்த வட்டத் துளைகளை வெட்டும் பணியாகும். பேச்சுவழக்கில் இக்கூரை ஃபால்ஸ் சீலிங் எனவும், இவ்விளக்கு டவுன்லைட் எனவும் வழங்கப்படுகின்றன. சிறிய துளையைப் பெரிதாக்கலாம். பெரிய துளையைச் சிறிதாக்குவது கடினம். ஆகவே இப்பணியின் தரம் வெட்டுவதற்கு முன் செய்யப்படும் அளவீட்டைப் பொறுத்தது.

கூரைப் பொருள்

ஜிப்சம் என்பது நீரேறிய கால்சியம் சல்பேட்டு ஆகும். இதனை ஏறக்குறைய 150 பாகை செல்சியசில் சூடாக்கும்போது, அதிலுள்ள நீரில் நான்கில் மூன்று பங்கு நீங்கிப் பாரிசுச் சாந்து கிடைக்கிறது. நீர் சேர்த்தால் இச்சாந்து மீண்டும் இறுகி ஜிப்சமாகிறது. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளைவிக்கும்போது ஜிப்சம் துணைப்பொருளாகக் கிடைக்கிறது.

சாந்துப் பொய்க்கூரைகள் இரு வகைப்படும்.

1. இருபுறமும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகை. இதற்கான இந்தியத் தரம் 2095 ஆகும். 12.5 மி.மீ. தடிப்புள்ள பலகை பரவலாகப் பயன்படுகிறது.
2. கம்பி வலையின் மீது பூசப்படும் பாரிசுச் சாந்து. இது எளிதில் விரிசல் விடும்.

அளவும் இடமும்

வெட்ட வேண்டிய விட்டம் விளக்கின் பெட்டியில் குறிக்கப்பட்டிருக்கும். விளக்கின் வெளி விட்டம் இதிலும் சற்றுப் பெரியது. எடுத்துக்காட்டாக, வெட்டு விட்டம் 75 மி.மீ., வெளி விட்டம் 90 மி.மீ. எனில், விளிம்பு ஒவ்வொரு பக்கமும் 7.5 மி.மீ. மட்டுமே மறைக்கும்.

சுவருக்கும் முதல் விளக்குக்கும் உள்ள தொலைவு, இரு விளக்குகளுக்கு இடைப்பட்ட தொலைவில் பாதியாக இருப்பது பொது வழக்கம். 12 அடி நீள அறையில் ஒரு வரிசையில் மூன்று விளக்குகள் எனில், சுவரிலிருந்து 2 அடியும் இடையில் 4 அடியும் விடப்படும். தரையில் நூல் அடித்துக் குறித்த புள்ளிகளைத் தூக்குக்குண்டு அல்லது லேசர் கருவி கொண்டு கூரைக்கு மாற்றலாம்.

வெட்டும் முறை

- முதன்மை மின்னிணைப்பைத் துண்டித்து, கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைச் சோதிக்க வேண்டும்.
- மையத்தில் சிறு துளையிட்டு, வளைத்த கம்பியை உள்ளே செலுத்திச் சுழற்ற வேண்டும். கம்பி எதிலாவது தட்டினால் அங்கு இரும்புச் சட்டமோ குழாயோ மின்கம்பியோ இருக்கலாம். துளையின் இடத்தை மாற்ற வேண்டும்.
- பலகையாயின், வட்டத்தின் மீது கத்தியால் தாளைக் கீறிக்கொண்டால் ஓரம் கிழியாது.
- துளைப்பானில் பொருத்திய வட்ட ரம்பத்தைக் குறைந்த வேகத்தில், செங்குத்தாக, மிகுதியாக அழுத்தாமல் இயக்க வேண்டும்.
- பூச்சுக் கூரையில் சாந்தை மட்டும் வெட்டி, வலையைத் தகடு வெட்டும் கத்தரியால் நறுக்க வேண்டும். ரம்பப் பல் வலையில் சிக்கினால் சுற்றியுள்ள சாந்து பெயர்ந்துவிடும்.

கண்ணாடியும் தூசுக் கவசமும் இன்றியமையாதவை. கல்நார்த் தகடு எனத் தெரிந்தாலோ ஐயம் இருந்தாலோ துளையிடலாகாது. அதன் நுண்ணிழைகள் நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்கும்.

தென்காசி, குற்றாலம் பகுதியில்

2019ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் குற்றாலம் அமைந்துள்ளது. இங்கு சூன் முதல் ஆகத்து வரை தென்மேற்குப் பருவக்காற்றால் சாரல் பெய்யும். ஜிப்சம் ஈரத்தை உறிஞ்சி வலுவிழந்து தொய்யும். வெட்டிய ஓரத்தில் தாளின் காப்பும் இராது. எனவே சாரல் காலத்திற்கு முன்போ பின்போ பணி செய்தால் பட்டி விரைவில் காயும். மேல்தளத்தில் கசிவு இருப்பின் அதனை முதலில் அடைக்க வேண்டும். குளியலறைகளுக்கு ஈரம் தாங்கும் பலகையும், எத்திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் ஐபி44 தர விளக்கும் ஏற்றவை.

துளையிடக் கூடாத கூரைகள்

மரக்கட்டைகளின் மேல் செங்கற்களைக் குத்தி நிறுத்திச் சுண்ணச்சாந்தால் பிணைத்த மெட்ராசு டெரசு எனப்படும் பழைய மச்சுகளில், செங்கல்லும் சாந்துமே சுமையைத் தாங்குகின்றன. அவற்றில் விளக்குக்காகத் துளையிட்டால் கல் உதிரும். கற்காரைத் தளத்தைக் குடைந்தால் உள்ளிருக்கும் முறுக்குக்கம்பி அறுபடக்கூடும். ஐஞ்சபைகளுள் ஒன்றான குற்றாலம் சித்திர சபையில் உள்ளதுபோன்ற ஓவியம் தாங்கிய சாந்துப் பரப்பு துளைக்கப்பட்டால், இழந்த பகுதியை மீட்க இயலாது. இத்தகைய கட்டடங்களில் பரப்பைத் துளைக்காத தொங்கு விளக்கு, நிலை விளக்கு போன்றவையே பொருத்தமானவை.