காத்திருக்காத குழந்தை

போன மாசம் ஆபீஸ்ல ஒரு பயிற்சி வகுப்பு. பேச வந்தவர் ஒரு வீடியோ போட்டார். மேசை மேல ஒரு மார்ஷ்மெல்லோ (அதாங்க, பஞ்சு மாதிரி மெத்துன்னு ஒரு மிட்டாய்), எதிர்ல ஒரு வாண்டு. இப்பவே தின்னா ஒண்ணு, காத்திருந்தா ரெண்டு. காத்திருந்த பிள்ளைங்கதான் பின்னாடி வாழ்க்கையில ஜெயிச்சாங்கன்னு முடிச்சார். நாங்களும் கைதட்டினோம்.

அன்னிக்கு ராத்திரியே அக்கா பையன்கிட்ட ஒரு சாக்லேட்டை வெச்சு சோதிச்சேன். நாலரை வயசு. நான் வாசலைத் தாண்டறதுக்குள்ள காலி! எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. அப்புறம்தான் இந்தச் சோதனையோட வரலாற்றைத் தோண்டினேன்.

சோதனையைச் செய்தவர் வால்டர் மிஷல். 1960களின் கடைசியில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் நர்சரி பள்ளியில் ஆரம்பித்தார். பல சோதனைகளில் மொத்தம் 653 குழந்தைகள். பல வருஷம் கழித்து அவர்களைத் தேடியபோது, கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண் கிடைத்தது 94 பேருக்குத்தான். 1990-ல் வந்த கட்டுரையில் பிரமாதமான தொடர்பு தெரிந்ததோ, அதிலும் 35 பேர் கொண்ட ஒரு பிரிவில். எல்லாம் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள். இத்தனை சின்ன சாம்பிளை வெச்சு நம்ம டீம்ல ஒரு ரிலீஸ்கூட விட மாட்டோம் :-)

2018-ல் வாட்ஸ், டங்கன், குவான் மூவரும் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவலை எடுத்துப் பார்த்தார்கள். தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பப் பின்னணியையும் குழந்தையின் ஆரம்பகாலத் திறனையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. தொடர்பு வேற, காரணம் வேற.

என்னை உலுக்கியது 2013-ல் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்தது. வெறும் 28 குழந்தைகள், அதனால இதையும் வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். முதலில் 'நல்ல கிரேயான் கொண்டுவரேன்' என்று வாக்குறுதி. பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள், மீதிப் பேருக்குக் கையை விரித்தார்கள். பிறகு மிட்டாய். வாக்கு காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாக 12 நிமிஷம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிஷம்!

மிஷலே 1958-ல் டிரினிடாட் தீவுப் பிள்ளைகளிடம், இன்றைக்குச் சின்ன மிட்டாயா அடுத்த வாரம் பெரிசா என்று கேட்டு எழுதியிருக்கிறார். அப்பா வீட்டில் இல்லாத பிள்ளைகள் அதிகமாக உடனே கிடைப்பதையே எடுத்தார்கள். நம்பிக்கைங்கற விஷயம் ஆரம்பத்துலயே இருந்திருக்கு. வீடியோவிலதான் இல்ல.

மறுநாள் பையன்கிட்ட கேட்டேன், "ஏன்டா உடனே தின்னுட்டே?"

"போன தடவை பொம்மை கார் வாங்கிட்டு வரேன்னு சொன்னியே மாமா, வாங்கலையே."

அவனுக்குச் சோதனை வெச்சதா நினைச்சேன். தேர்வுல பெயிலானது நான்.

ஞாயித்துக்கிழமை கார் வாங்கிக் கொடுத்தாச்சு. சாக்லேட் சோதனை இனிமே கிடையாது.