வானத்தை அளந்த தாய்

"பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டுப் படிப்பு எதுக்கு?" என்று நம்மில் சிலர் இன்னும் கேட்கிறோம். அமெரிக்காவிலும் இதே கேள்வி கேட்கப்பட்டதுண்டு. அதற்குத் தளராத ஓர் அம்மையாரின் வரலாற்றைப் பெற்றோர்களும் மாணவச் செல்வங்களும் அறிய வேண்டும்.

வேரா ரூபின் 1928இல் பிலடெல்பியா நகரில் பிறந்தார். பத்து வயதில் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே படுக்கையறைச் சன்னல் வழியே நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். தகப்பனார் அட்டைக் குழாயில் தொலைநோக்கி செய்ய உதவினார். ஆனால், கல்லூரியில் படிக்க உபகாரச் சம்பளம் கிடைத்தபோது, விஞ்ஞானத்தின் பக்கம் போகாதே என்றார் பள்ளிப் பௌதிக ஆசிரியர்! பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமோ 1975 வரை வானியல் மேற்படிப்பில் பெண்களைச் சேர்க்கவில்லை.

வேரா விடவில்லை. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இரவு வகுப்புக்குப் போனார். கணவர் காரில் கொண்டுபோய் விட்டு, வகுப்பு முடியும்வரை காரிலேயே காத்திருப்பார். பிள்ளையை வேராவின் பெற்றோர் பார்த்துக்கொண்டனர். 1954இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. பிறகு 1965 வரை அங்கேயே மாணவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

1965இல் அவர் ஆராய்ச்சி செய்யச் சென்ற பலோமார் வானாய்வுக் கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை. காகிதத்தில் பாவாடை வெட்டி, கழிப்பறைக் கதவிலிருந்த ஆண் படத்தின் மேல் ஒட்டிவிட்டார் அம்மையார்!

சூரியனுக்கு அருகிலுள்ள புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் ஓடும். தொலைவிலுள்ள நெப்டியூனோ 5 கிலோமீட்டர்தான். கோடானுகோடி நட்சத்திரங்கள் கூடிய விண்மீன் மண்டலத்திலும் ஓரத்தில் இருப்பவை மெதுவாகத்தான் சுற்றும் என்று எண்ணியிருந்தார்கள். வேராவும் நண்பர் கென்ட் போர்டும் ஆந்திரோமீடா மண்டலத்தை அளந்து 1970இல் முடிவை வெளியிட்டனர். ஓரத்திலிருந்த வாயு மேகங்களின் வேகம் குறையவே இல்லை! அந்த வேகத்தில் அவை சிதறிப் போகாமல் இழுத்துப் பிடிப்பது எது? பின்னர் ஆராய்ந்த பல மண்டலங்களிலும் இதே கதைதான். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் ஏராளமாய் இருக்கிறது என்பதற்கு இது பலமான சான்றாயிற்று. அது இன்னதென்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நம் மாணவர்களுக்கும் வேலை மிச்சமிருக்கிறது!

1996இல் இங்கிலாந்தின் ராயல் வானியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 1828க்குப் பின் அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. பெண்கள் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்று கடைசிவரை பேசி வந்தார். அவருடைய நான்கு பிள்ளைகளும் டாக்டர் பட்டம் பெற்றனர். 2016இல் அவர் மறைந்தார். சிலி நாட்டில் அவர் பெயர் தாங்கிய வானாய்வுக் கூடம் 2025இல் முதல் படங்களை வெளியிட்டது.

பெற்றோர்களே! அட்டைக் குழாய் கொடுத்த தகப்பன், காரில் காத்திருந்த கணவன், பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த தாத்தா பாட்டி, இவர்கள் யாரும் வானியல் படித்தவர்களல்லர். படிக்கிற பிள்ளைக்கு வழிவிட்டார்கள், துணை நின்றார்கள். அது நம்மாலும் முடியும். "போதும், நிறுத்து" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!