வெறியா, இல்லையா?

தென்காசிப் பக்கம் மாட்டுக்குப் பக்குவம் சொல்லத் தெரியாத கிழவி கிடையாது. வயிறு உப்பினால் ஒன்று, குளம்பு வெந்தால் ஒன்று, பால் மடி இறுகினால் ஒன்று என்று கைவசம் வைத்திருப்பார்கள். அதே வீட்டு நாய் சுருண்டு படுத்தால் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வெறியா, இல்லையா? கால்நடை ஆய்வாளராக இலஞ்சி, மேலகரம், பண்பொழி என்று சைக்கிளில் அலைந்த காலம் முழுக்க இந்தக் கேள்விதான் எனக்கு முன்னால் ஓடியது.

மாடு சொத்து, நாய் காவல். அரசாங்கமும் அப்படித்தான் கணக்குப் போட்டது. வெக்கை நோயில் மந்தை மந்தையாக மாடுகள் செத்ததால்தான் வெள்ளைக்காரன் கால்நடைக் கொள்ளைநோய்க்கு ஒரு கமிஷன் போட்டான்; அதன் அறிக்கை 1871-இல் வந்தது. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் வந்தபோதும் மாடும் குதிரையும்தான் முதல் கவலை. நாய், மனுஷனைக் கடித்தால் மட்டுமே காகிதத்தில் ஏறியது.

கடித்தால் என்ன வழி? 1907-இல் குன்னூரில் வெறிநாய்க்கடிக்கு வைத்தியம் பார்க்கும் பாஸ்டர் நிலையம் திறக்கும்வரை, தென்னாட்டுக்காரனுக்குப் பச்சிலையும் சூடு போடுவதும் மந்திரிப்பதும்தான். திறந்த பிறகும் நம்மூரிலிருந்து மேட்டுப்பாளையம் போய் மலை ரயில் ஏற வேண்டும். அதற்குக் காசும் வேண்டும், நாளும் வேண்டும். 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற டாக்டர், விலங்கு மூளையைக் கார்பாலிக் அமிலத்தில் பதப்படுத்தித் தடுப்பூசி செய்தார். குப்பியில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப முடிந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று நம் பாட்டிமார் பிள்ளைகளை மிரட்டியது இதைச் சொல்லித்தான். சிலருக்கு அந்த ஊசியே கைகால் விளங்காமல் செய்தது. இவ்வளவு தெரிந்தும் இந்தியா அதை நிறுத்தியது 2004 கடைசியில்தான்.

அந்த ஊசியின் பயம் நாய்களின் தலையில் விடிந்தது. வாய் ஒழுகினால் வெறி, தள்ளாடினால் வெறி, வெட்டி இழுத்தால் வெறி. டிஸ்டெம்பர் என்ற நோய் கண்ட குட்டிக்கு முதலில் கண்ணிலும் மூக்கிலும் சளி கட்டும், பிறகுதான் தாடை வெடவெடக்கும். அந்தச் சளியை யாரும் பார்த்ததில்லை; தாடை ஆடிய அன்று கம்பு வந்துவிடும்.

குற்றாலத்தில் ஒரு சீசன் சமயம், சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கம் ஒரு செவலை நாயைச் சுற்றிக் கூட்டம். வாய் மூடவில்லை, எச்சில் நூலாகத் தொங்குகிறது, முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. வெறிநோயிலும் தாடை தொங்கும். ஆகவே கிட்டே போய்க் கையை விடுவது மடத்தனம். டாக்டர் வந்து, சுருக்குப் போட்டுப் பிடித்து மயக்க ஊசி போட்டார். தடித்த கையுறையோடு உதட்டைத் தூக்கினால், மேல் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே குறுக்காக ஒரு ஆட்டு எலும்பு. இடுக்கியால் இழுத்ததும் சொத்தென்று விழுந்தது. கம்போடு நின்றவர்களில் ஒருவர், "அப்போ வெறி இல்லியா சார்?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

1980-களின் தொடக்கத்தில் பார்வோ என்ற நாய் நோய் தமிழ்நாட்டுக்கு வந்தது. உலகத்துக்கே அது புதுசு, 1978-க்குப் பக்கத்தில் பரவிய கிருமி. வாந்தி, பிறகு குடலைப் பிரட்டும் நாற்றத்தோடு ரத்தக் கழிச்சல், இரண்டு மூன்று நாளில் குட்டி காலி. நம்மூர்த் தீர்ப்பு: பக்கத்து வீட்டுக்காரன் விஷம் வைத்துவிட்டான். இதை வைத்து வரப்புச் சண்டையைப் புதுப்பித்துக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

வடக்கே பக்கத்திலேயே இருக்கும் ராஜபாளையத்தின் வெள்ளை நாய் இன்னொரு கதை. 2005-இல் தபால்தலையில் ஏறிய சாதி. பால்வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும் வேண்டும் என்று பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்ததில், காது கேட்காத குட்டிகளும் பிறந்தன. வாங்கியவர் "சொல் பேச்சுக் கேக்கமாட்டேங்குது" என்று அடிப்பார். பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். அதற்குக் கல்லூரிப் படிப்பு வேண்டாம்.

பூனைக்கு வெறியா, இல்லையா என்ற ஒற்றைக் கேள்விகூட வாய்க்கவில்லை. கடுவன் பூனை மண்ணைப் பறித்துப் பறித்து முக்கினால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். அடைத்துக்கொண்டிருப்பது மூத்திரம். ஒரு நாள், ஒன்றரை நாள் தாமதித்தாலே பூனை கையை விட்டுப் போய்விடும்.

இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. 2012 முதல் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமும் ஆகிவிட்டது. ஆனாலும் வெளிநாட்டுச் சாதி நாய் வளர்க்கிறவர்கள்கூட, அது தட்டில் வைத்ததைத் தொடாத மூன்றாம் நாள்தான் வருகிறார்கள். உண்ணிக் காய்ச்சலில் ஈறு சுண்ணாம்பாய் வெளுத்துப்போயிருக்கும். சாரல் மாசத்து ஈரத்தில் காது சீழ் பிடித்துத் தலையைச் சாய்த்தே நிற்கும்.

தினமும் சோறு வைக்கிற நீங்கள் வாரம் ஒருதரம், அது நன்றாக இருக்கும்போதே, உதட்டைத் தூக்கி ஈற்றின் நிறத்தைப் பார்த்து வையுங்கள். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும், பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷமும் போட்டுவிடுங்கள். கடி பட்டால் கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய் ஒழுகும் நாயைக் கண்டால் எட்ட நில்லுங்கள். கம்பை எடுக்காமல் டாக்டருக்குச் சொல்லி அனுப்புங்கள்.